மூணு பன்னு ஸ்டைல்

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது டீயைப் பற்றித்தான். வெள்ளைக்காரர்கள் நாலு மணிக்கு உட்கார்ந்து டீ குடிப்பார்களாமே, அதற்கென்று தனி உடுப்புப் போட்டுக்கொள்வார்களாமே, நீ போயிருக்கிறாயா என்று. நான் இங்கே வந்து இரண்டரை வருடம் ஆகப்போகிறது. லெஸ்டரில் ஒரு துணி இறக்குமதிக் கம்பெனியின் குடோனில் தரம் பார்க்கிற வேலை. எங்கள் குடோனில் நாலு மணிக்கு மிஷினில் பட்டனை அழுத்தினால் காகிதக் கப்பில் பழுப்பாக ஒரு வெந்நீர் விழும். அதை நின்றுகொண்டே குடித்துவிட்டு, மறுபடியும் அட்டைப்பெட்டி பிரிக்கப் போய்விடுவோம். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நல்ல டீயை நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

போன சனிக்கிழமை அந்த டீயைக் குடித்தே விட்டோம், கோகிலாவும் நானும். அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். இனிமேல் கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியே போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, டீயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோகிலாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

எங்கள் கல்யாணம் சிவன்மலையில் நடந்தது. நடந்த இரண்டு வாரத்தில் நான் மட்டும் திரும்பி வந்தேன். விசா வாங்கி அவள் வந்துசேர ஏழு மாதமானது. கல்யாணம் நிஜம்தான் என்று காட்ட போட்டோ கேட்டார்கள். நாங்கள் அனுப்பிய எல்லாப் போட்டோவிலும் நாங்கள் இருவரும் சிரிக்காமல் விறைப்பாக நிற்கிறோம், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியுமா என்றே ஆபீசருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருவர் மட்டும் இருக்கிற படங்கள் வேண்டும் என்று மறுபடி கேட்டார்கள். அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லை. கடைசியில் ஒரு சித்தப்பாவையும் ஒரு அத்தையையும் ஓரத்தில் வெட்டிவிட்டு அனுப்பினோம்.

ஒருவழியாக விசா வந்தது. அதில் ‘டிப்பெண்டன்ட்’ என்று போட்டிருந்தது. வந்த அன்றைக்கே அதைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டாள். என்னை நம்பி இருக்கிறவள், உன் செலவுக்கு நான் பொறுப்பு என்று போட்டிருக்கிறார்கள் என்றேன்.

“எட்டாவது முடிச்சதுக்கு அப்பறம் வாராவாரம் சம்பளம் வாங்குனவளுங்க நானு. இவங்களுக்கு ஆரு சொன்னது, நான் உங்களை அண்டி இருக்கறேன்னு?”

உண்மைதான். திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பார்த்தவள். டியூப் லைட்டுக்குக் கீழே நீள மேஜை போட்டு, தைத்து வந்த சட்டைகளைப் பெண்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். தையல் விட்டிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். அவள் மேஜையில் ஏழு பேர். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒருத்தி மாமியார் கதையை ஆரம்பித்தால் ஒரு லாட் சட்டை முடியும்போது கதையும் முடியும் என்பாள்.

அப்படி இருந்தவள் இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் வீடு ஒரு குறுகிய தெருவில், மேல்மாடியில் இரண்டு அறை. நான் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். கடைக்குப் போனால் கையால் காட்டி வாங்குவாள். கடைக்காரர் ஏதாவது கேட்டுவிட்டால் பொருளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள். கீழ்வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம். அந்த அம்மா குழந்தைகளிடம் குஜராத்தியில் கத்துவார், அவை இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு ஓடும். இதை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: “நமக்குப் பொறக்கறதும் இப்படித்தான் பேசுங்களா? அப்ப அதுககிட்டயும் நான் பேச முடியாதுங்களா?”

இங்கிலீஷ் விஷயத்தில் நானே பாதிக் கிணற்றில் நிற்கிறவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மடத்துக்குளம் பக்கம் தோட்ட வேலை. எங்கள் வளவில் யாருக்குத் தபால் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொண்டு வருவார்கள். பாலிடெக்னிக்கில் படித்து, திருப்பூரில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்து, அப்படியே இங்கே வந்தேன். இங்கிலீஷ் படிக்க வரும், ஈமெயில் எழுத வரும். ஆள் முன்னால் வந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யார் எது கேட்டாலும் ‘ஃபைன், ஃபைன்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். பல் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன். அவரும் நம்பி வேலையைத் தொடர்ந்தார்.

3

போன மாதம் சரசக்கா போன் செய்தார். கோகிலாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவர், இப்போது அந்த செக்கிங் பிரிவு முழுவதற்கும் இன்சார்ஜ். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாவை எடுத்த பிறகு ஆர்டர் குவிகிறது, ஆளே கிடைப்பதில்லை, நீ வந்தால் உன்னை சூப்பர்வைசராகப் போடுகிறேன், அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்லு என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. என்னை ஊருக்கு அனுப்பீருங்க. நீங்க ரெண்டு வருசத்துல வந்துருவீங்கதானுங்களே. அதுவரைக்கும் நான் கம்பெனிக்குப் போய்ட்டு இருக்கறேன்.”

என் மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டேன். இல்லீங்க என்றாள். குளிரா என்றேன். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போகிறது என்றாள்.

“பேசிப் பேசியே பீஸ் பாத்தவளுங்க நானு. இங்க செவுத்தோட பேச வேண்டியிருக்குது. இப்படியே இருந்தா எனக்குத் தமிழே மறந்து போயிருமாட்ட இருக்குது.”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாதாட முடியாது. கல்யாண நாள் முடிந்த திங்கட்கிழமை டிராவல் ஏஜெண்டிடம் போய் டிக்கெட் போடுவது என்று முடிவானது. ஒரே ஒரு டிக்கெட், போக மட்டும். சரி என்று சொல்லிவிட்டு நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஊருக்குப் போகிறவளுக்கு ஏதாவது காட்டி அனுப்ப வேண்டாமா? கல்யாண நாளைக்கு என்ன வேண்டும், லண்டன் பார்க்கலாமா, கடல் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“அந்த மூணு தட்டு நெசமாவே இங்க இருக்குதுங்களா?”

எந்த மூணு தட்டு என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னாள். அவள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கிலாந்துக்குப் போகிற ஒரு ஆர்டர் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. கைக்குழந்தைகள் போடுகிற சட்டை. நெஞ்சில் ஒரு படம் பிரிண்ட் ஆகியிருக்கும்: நடுவில் ஒரு கம்பி, அதில் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று அடுக்காக மூன்று தட்டு, தட்டு நிறைய என்னென்னவோ, பக்கத்தில் ஒரு கெட்டில். அது என்ன என்று மேஜையில் ஒருத்திக்கும் தெரியாது. கொலு என்று ஒருத்தி சொன்னாளாம். அடுக்கு தீபம் என்றாள் இன்னொருத்தி. சட்னிக் கிண்ணம் வைக்கிற ஸ்டாண்டு, கீழே இருக்கிறது இட்லி என்று சரசக்கா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மேல்தட்டில் ரோஸ் கலரில் உருண்டையாக மூன்று, பன் மாதிரி. அந்த மூன்றாவது உருண்டைக்குத்தான் அடிக்கடி இங்க் சரியாக விழாமல் போகும். மூன்று இருந்தால் பாஸ், இரண்டு இருந்தால் டேமேஜ். கம்பெனியில் ஒவ்வொரு டிசைனையும் ஸ்டைல் என்பார்கள், அதற்கு ஒரு நம்பரும் இருக்கும். இதற்கு இருந்த நம்பரை யாரும் சொன்னதில்லை. ‘மூணு பன்னு ஸ்டைல்’ என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியுமாம்.

“எத்தனை ஆயிரம் பீஸ் பாத்திருப்பனோ. அது என்னன்னு தெரியாமயே பாத்தனுங்க. போறதுக்கு முன்னாடி அதுல ஒருக்கா உக்காந்து சாப்புட்டுப் பாக்கோணும். போனதும் அவளுககிட்டச் சொல்லோணுமில்ல.”

4

அப்படித்தான் நாலு மணி டீயைத் தேடிக் கிளம்பினோம். லெஸ்டரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. கல்வீடுகள், ஒரு ஆறு, ஆற்றோரம் பெரிய ஹோட்டல். அந்த ஹோட்டலில் மூன்று தட்டு டீ பிரசித்தம் என்று குடோனில் ஒருவர் சொல்லியிருந்தார். கோகிலா கல்யாணப் பட்டுச்சேலை கட்டி, மேலே என் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மத்தியான டீ வேண்டும்.

ஹோட்டல் வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்டவர் என் வாக்கியத்தை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, புக்கிங் இருக்கிறதா என்றார். புக்கிங் என்றால் எனக்கு லாரி ஆபீஸ்தான் ஞாபகம் வரும். பண்டலுக்குத்தானே புக்கிங், டீக்கு எதற்கு? அவர் கொடுத்த அட்டையை வாங்கி விலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு வாங்குகிற காய்கறி அந்த மூன்று தட்டில் அடங்கிவிடும். ஃபைன், ஃபைன் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கோகிலா ஜன்னல் வழியாக உள்ளே ஒரு மேஜையில் அந்த அடுக்குத் தட்டு இருப்பதைப் பார்த்துவிட்டிருந்தாள். “நெசமாத்தான் இருக்குதுங்க” என்றாள், சாமி பார்த்தவள் மாதிரி. அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு சின்னக் கடை. வாசல் பலகையில் டீயும் ஸ்கோனும் என்று எழுதி, கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற விலையும் போட்டிருந்தது. படித்துச் சொன்னேன்.

“கோனா? நூல் கோனுங்களா?”

“ஸ்கோன். சாப்படறது. நம்ம பன்னு மாதிரி.”

“நூலையும் திங்காம உடறதில்லையாட்டன்னு பாத்தேன்” என்றவள், கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். உள்ளே எல்லோருக்கும் ஒற்றைத் தட்டுத்தான் வைத்திருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டாள். இது அந்த ஸ்டைல் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் விலை, ஒன்றில் இடமில்லை. திருப்பூரில் இதே நேரத்துக்கு இப்படி டீக்கு அலைந்ததாக எனக்கு நினைவே இல்லை. கம்பெனியில் பெல் அடித்ததும் கேட்டைத் தாண்டினால் பேக்கரி. எங்கள் பக்கம் டீக்கடை என்று யார் சொல்கிறார்கள், பேக்கரி என்றுதான் சொல்வோம். கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், பப்ஸ், தேன் கேக். தையல்காரர், அயர்ன் மாஸ்டர், பீகாரிலிருந்து வந்த பையன்கள், ஆர்டர் கொடுக்கக் காரில் வந்த பையர் எல்லோரும் ஒரே பாய்லருக்கு முன்னால் நிற்பார்கள். பையர் சில சமயம் வெள்ளைக்காரராகவும் இருப்பார். கண்ணாடி கிளாசைச் சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் குடிப்பதை எல்லோரும் பார்ப்போம். அவரிடம் யாரும் புக்கிங் கேட்டதில்லை.

மழைக்கு ஒதுங்கத்தான் அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலின் வாசலில் நின்றோம். கதவில் சாக்பீசால் எழுதிய பலகை இருந்தது. கூரை ஒழுகுகிறது, அதைச் சரி செய்யச் சனிக்கிழமைகளில் மத்தியான டீ போடுகிறோம், வாருங்கள் என்று எழுதி, கீழே விலை. நான் அதை இரண்டு தடவை படித்தேன். எங்களால் முடிகிற விலை. உள்ளே மேஜைகளில் அடுக்குத் தட்டுகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத பழைய பூப்போட்ட தட்டுகளாக, ஆனால் மூன்று மூன்றாக நின்றன.

5

எங்களை உட்கார வைத்தவர் பெயர் டோரத்தி. அறுபத்தைந்து எழுபது வயதிருக்கும். ஏப்ரனில் மாவு ஒட்டியிருந்தது. கோகிலாவின் சேலையைப் பார்த்து ஏதோ நல்லதாகச் சொன்னார். நான் தாங்க்யூ சொன்னேன். கோகிலா குனிந்துகொண்டாள்.

டீ கெட்டிலில் வந்தது, பால் தனியாக வந்தது. கோகிலா ஊற்றிப் பார்த்துவிட்டு டிகாக்ஷன் பத்தவில்லை என்றாள். பிறகு தட்டு வந்தது. டோரத்தி அதை நடுவில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். கோகிலா கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொடவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

முதலில் கீழ்த்தட்டு. ரொட்டித் துண்டைப் பிரித்துப் பார்த்தாள். “வெள்ளரிக்காயுங்க” என்றாள். “காச்சக்காரனுக்குக் குடுக்கற ரொட்டிக்குள்ள வெள்ளரிக்காய வெச்சு, இதுக்கா இத்தனை பெருமை?” இருந்தாலும் சாப்பிட்டாள். நடுத்தட்டில் ஸ்கோன். அது பன் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தாள். ரோஸ் கலர் சர்க்கரை பூசிய சின்ன கேக், இரண்டு.

“ஏனுங்க, ஒண்ணு கொறையுது.”

“ரெண்டு பேருக்கு ரெண்டு. சரியாத்தான் இருக்குது.”

“இல்லீங்க. மூணு இருக்கோணும்.”

“அது சட்டைல, கோகிலா.”

“சட்டைல வரைஞ்சவன் இதைப் பாத்துத்தானுங்களே வரைஞ்சிருப்பான்? அவன் மூணு போட்டிருக்கறான்னா மூணு இருக்கோணும். கேளுங்க.”

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? குறையாத ஒன்றைக் குறைகிறது என்று, அதுவும் கூரைக்காகக் காசு சேர்க்கிற வயதான பெண்களிடம்? பேசாமல் சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே டோரத்தி வந்து குனிந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறந்து ‘ஃபைன்’ என்று பாதி சொல்லியிருப்பேன்.

“மேடம்” என்றாள் கோகிலா. “ஷார்ட்டேஜ்.”

டோரத்தி அவள் பக்கம் திரும்பினார்.

“ஒன் பீஸ் ஷார்ட்டேஜ்.”

விரல் மேல்தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இங்கே வந்து ஐந்து மாதத்தில் அவள் வெளியாள் ஒருவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. டோரத்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து எண்ணிப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேர், கேக்கும் இரண்டு என்று மெதுவாகச் சொன்னார்.

“நோ மேடம். அப்ரூவ்டு சாம்பிள், த்ரீ.”

மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. டோரத்தி என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். என் மனைவி, செக்கிங், ஒரு படம், என்று மூன்று வார்த்தை வந்தது, அதோடு நின்றுவிட்டது. பாலிடெக்னிக், மெர்ச்சண்டைசிங், இரண்டரை வருடம் எல்லாம் தொண்டையிலேயே நின்றன. கோகிலா பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோட்டை விலக்கி, நெஞ்சில் ஒரு சதுரம் விரலால் வரைந்து காட்டினாள்.

“பேபி டி-ஷர்ட், மேடம். இங்கிலாண்ட் ஆர்டர். ஃப்ரண்ட் பிரிண்ட், திஸ்.” அடுக்குத் தட்டைக் காட்டினாள். “ஐ செக்கிங். டாப் பிளேட், ஒன், டூ, த்ரீ. த்ரீ மீன்ஸ் பாஸ். டூ மீன்ஸ் டேமேஜ். ரிஜெக்ட்.”

டோரத்திக்கு ஒரு நொடி ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அவமதிப்பாக எடுத்துக்கொண்டாரோ என்று எனக்குப் பயம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நீ செய்தாயா, அந்தக் குட்டிச் சட்டைகளை என்று கேட்டார். “நோ ஸ்டிச்சிங். செக்கிங்” என்று திருத்தினாள் கோகிலா. டோரத்தி சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து ஒருமுறை சொன்னாள். இந்தத் தடவை ஒரு சட்டையை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், உள்தையல் என்று திருப்புகிற வேகத்தையும் காற்றில் செய்து காட்டினாள். ஏன் இவ்வளவு வேகம் என்று ஒருவர் கேட்டார். “டார்கெட், மேடம்” என்று உதட்டைப் பிதுக்கினாள் கோகிலா. அந்த மூன்று பெண்களும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள். அவர்களும் எங்கேயோ வேலை பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

டோரத்தி உள்ளே போய்ச் சின்னத் தட்டில் ஒரு கேக்கோடு வந்தார். ரோஸ் கலர் தீர்ந்துவிட்டது போல. இது மஞ்சள். கோகிலா அதை வாங்கி மேல்தட்டில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஷேடு வேரியேஷன்” என்றாள், நிறம் மாறின பீஸை ஒதுக்குகிற குரலில்.

நான் ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அர்ஜெண்ட் ஷிப்மெண்ட். ஓகே, மேடம். பாஸ்.”

அந்த ஹாலில் அப்போது எழுந்த சிரிப்புக்கு அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலாவும் சிரித்தாள். விசாவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று நாங்கள் தவித்தபோது இப்படி ஒரு சிரிப்பு எங்களிடம் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் முத்திரை குத்தியிருப்பார்கள்.

இரண்டு ரோஸ் கேக்கையும் நாங்கள் சாப்பிட்டோம். மஞ்சளை யார் சாப்பிடுவது? கோகிலா அதை டோரத்தி பக்கம் நகர்த்தினாள். அவர் வேண்டாம், உங்களுக்குத்தான் என்றார். எங்கள் பக்கம் ஒருவர் வேண்டாம் என்றால் அதற்கு இன்னும் போதுமான அளவு வற்புறுத்தவில்லை என்று அர்த்தம். கோகிலா மறுபடி நகர்த்தினாள். அவர் மறுபடி மறுத்தார். “ஈட், மேடம். சிட்” என்று காலி நாற்காலியை இழுத்துப் போட்டாள். டோரத்தி உட்கார்ந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, அந்த மஞ்சள் கேக்கைச் சாப்பிட்டார். சாப்பிடும் வரை கோகிலா அவரை விடவில்லை. இடையில் தன் முழங்கால் வலியைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, கோகிலா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, “மை மதர், சேம்” என்றாள்.

6

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலைச்சரிவில் ஆடுகள் நனைந்துகொண்டு நின்றன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை காலை ஏஜெண்டிடம் எத்தனை மணிக்குப் போவது, அவர் எந்தத் தேதி சொல்வார், அவளை விமானநிலையத்தில் விட்டுவிட்டு எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்று என் மூளை ஓடியது. அந்த வீட்டின் இரண்டு அறைகளை நினைத்தேன். அவள் வருவதற்கு முன்னால் அங்கே எப்படி இருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் போன் கார்டைச் சுரண்டி, நம்பர் போட்டு, சரசக்காவைக் கூப்பிட்டாள். அங்கே அப்போது மத்தியானம், சாப்பிட்டு ஓய்ந்திருக்கிற நேரம். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

தட்டில் என்னென்ன இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கொலுவும் இல்லை, இட்லியும் இல்லை என்று சரசக்காவின் தீர்ப்பை ரத்து செய்தாள். ரெண்டுதான் வைத்தார்கள், நான் விடுவேனா என்றாள். அந்தக் கதை முடிய வெகுநேரமானது, கார்டில் இருந்த நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன. பிறகு சரசக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். நான் சீவுவதை நிறுத்திவிட்டேன்.

“அந்த வேலைய வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க்கா” என்றாள். “இல்லீங்க்கா, இவரு ஒண்ணும் சொல்லலை. இவரு டிக்கெட் போடறேன்னுதான் சொன்னாரு… பொங்கலுக்கு ரெண்டு பேருமா வர்றோங்க்கா. வந்து ஒரு வாரம் இருந்துட்டுத் திரும்பீருவோம்.”

அந்தப் பக்கம் மறுபடி கேள்வி. ஏன் என்று கேட்டிருப்பார். கோகிலா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவள் தாழ்த்துகிற குரல் கீழ்வீடு வரைக்கும் கேட்கும்.

“இவருக்குப் படிப்பு மட்டுந்தானுங்க்கா இருக்குது. வாயே தொறக்கறதில்லை. இங்க எல்லாத்தையும் நாந்தான் பேசோணுமாட்ட இருக்குது.”